ஆடிட்டர் ஆபீஸ் இணையதளமும் ஏஐ தேடலும்: கேளுங்கள், சொல்கிறேன்

நெல்லை, தென்காசி பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் ஜிஎஸ்டி பிராக்டிஷனர்களுக்கும் இணையதளத்துக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. இப்போது கூகுளில் தேடினால் ஏஐ பதில்தான் மேலே நிற்கிறது. சிலர் நேராகச் சாட்ஜிபிடியிடமே கேட்டுவிடுகிறார்கள். அந்தப் பதிலில் நம் ஆபீஸ் பேர் வர என்ன எழுதலாம் என்பதைக் கேளுங்கள். டிசைன், லோகோ பற்றிக் கேட்காதீர்கள்.

பாளையங்கோட்டை ஆடிட்டர்: ஜிஎஸ்டி, இன்கம் டாக்ஸ், ஆடிட், கம்பெனி பதிவு, எல்லாவற்றுக்கும் தனிப் பக்கம் வைத்திருக்கிறோம். எதிலும் வரவில்லையே?

படித்துப் பார்த்தேன் சார். ஆபீஸ் பேரை எடுத்துவிட்டுக் கோயம்புத்தூர்க்காரர் பேரைப் போட்டாலும் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை. 'ஜிஎஸ்டி என்றால் என்ன' என்பதற்கு ஏஐக்கு நீங்கள் தேவையில்லை. உங்களிடம் கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர்கள் வருவார்களே, அவர்கள் கேட்பதை எழுதுங்கள். அப்பளத்துக்கு வரி இல்லை, ஆனால் பேக்கிங் கவருக்குக் கட்டிய வரியைக் கிரெடிட் எடுக்க, அதாவது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. அப்பளத்தோடு ஊறுகாயும் போட்டு விற்கிறவர் கிரெடிட்டை எந்தக் கணக்கில் பிரிப்பது? இதை ஒரு மாதிரிக் கணக்கோடு எழுதினால் போட்டிக்கு ஆளே இல்லை.

கடையநல்லூர்: எங்களுக்கு வளைகுடாவில் இருப்பவர்கள்தான் கிளையண்ட். 'என்ஆர்ஐ டாக்ஸ் சர்வீஸ்' என்று பக்கம் போட்டால் போதுமா அண்ணாச்சி?

போதாது. ஆட்கள் அப்படியா கேட்கிறார்கள்? 'அண்ணன் துபாயில் இருக்கிறான், ஊர் வீட்டை விற்கிறான், வாங்குகிறவர் எவ்வளவு டிடிஎஸ் பிடிக்கணும்' என்று முழு வாக்கியமாகக் கேட்கிறார்கள். கூகுளின் ஏஐ மோட் அதைப் பல சின்னக் கேள்விகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனியாகத் தேடும். அந்த ஒவ்வொரு துண்டுக்கும் உங்கள் பக்கத்தில் நேர்ப் பதில் இருக்கணும்.

டிடிஎஸ் என்பது விலையிலிருந்து வாங்குகிறவர் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. விற்பவர் உள்ளூர்வாசி என்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீதம். பத்திரம் எழுதும் இடத்தில் எல்லாருக்கும் இதையே சொல்லி அனுப்பிவிடுவார்கள். விற்பவர் என்ஆர்ஐ என்றால் இந்த 50 லட்சம் வரம்பே கிடையாது. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அதற்கு மேல் செஸ், தொகை பெரிதானால் சர்சார்ஜும் உண்டு. குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கவில்லை என்றால் பொதுவாக முழு விலை மீதே பிடித்துவிடுகிறார்கள். பிடிக்காமல் விட்டால் மாட்டுவது வாங்கியவர். உங்கள் ஆபீஸுக்கு ஆள் வருவதே இந்த இடத்தில்தான். அதை மூன்றாவது பத்தியில் ஒளித்து வைக்காமல் முதல் இரண்டு வரியில் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். சேமிப்புக்குக் கழிவு தரும் பழைய 80சி பிரிவு புதிதில் 123. பழைய வருடங்களின் கணக்குக்குப் பழைய சட்டம்தான், அதனால் இரண்டு எண்ணையும் போடுங்கள். பக்கத்தில் திருத்திய தேதியும் எழுதியவர் பேரும் கட்டாயம்.

சுரண்டை: நம் தளத்தைப் பற்றி ஏஐக்குச் சொல்லும் எல்எல்எம்எஸ்.டிஎக்ஸ்டி (llms.txt) கோப்பு போடணுமா?

வேண்டாம். தன் ஏஐ பதில்களுக்குத் தனிக் கோப்பு எதுவும் தேவையில்லை என்று கூகுளே சொல்லிவிட்டது. அதைவிட, யார் பக்கத்தைப் படிக்கலாம் என்று இயந்திரங்களுக்குச் சொல்லும் உங்கள் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt), சாட்ஜிபிடி தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கும் ஓஏஐ-சர்ச்பாட்டைத் தடுத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தடுத்திருந்தால் சாட்ஜிபிடி தேடல் பதிலில் உங்கள் பக்கத்துக்கு இடமில்லை.

முக்கூடல் ஜிஎஸ்டி பிராக்டிஷனர்: பீடி கம்பெனிகளுக்கென்றே ஒரு பக்கம் எழுதிவிட்டேன். 'பீடி இலைக்கு ரிவர்ஸ் சார்ஜ்', அதாவது வாங்குகிறவரே வரி கட்டணும் என்று போட்டிருக்கிறேன். ஏஐயும் அதைத்தான் சொல்கிறது.

ஏஐ சொல்வது பாதி உண்மை. பதிவு பெற்றவருக்கு விவசாயி விற்றால்தான் ரிவர்ஸ் சார்ஜ். பதிவு பெற்ற வியாபாரியிடம் வாங்கினால் பில்லிலேயே வரி வந்துவிடும். அப்புறம், இலைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். உங்கள் பக்கத்தில் இன்னும் 18 நிற்கிறது. தேதியும் இல்லை.

முக்கூடல்: எங்கள் பக்கம் எல்லாரும் ரிவர்ஸ் சார்ஜ்தான் கட்டுகிறார்கள்.

எல்லாரும் என்றால் யார் யார்? இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருவது. இடையில் எத்தனை கை மாறுகிறது!

மேலப்பாளையம்: நான் குறுக்கே வருகிறேன். ஜிஎஸ்டி சட்டம் 2(7) படி விவசாயி என்றால் நிலத்தில் சாகுபடி செய்கிறவர். காட்டில் தானாக வளர்ந்த இலையைப் பறிக்கிறவர் எப்படி விவசாயி ஆவார்?

அப்படிக் கேளுங்கள்!

முக்கூடல்: அப்படியானால் ரிவர்ஸ் சார்ஜ் பொருள்களைப் பட்டியலிடும் 4/2017 அறிவிக்கையில் பீடி இலையை எதற்குச் சேர்த்தார்கள்? சொந்த நிலத்தில் மரம் வைத்திருக்கிறவன் இல்லையா?

இருக்கலாம், அவரிடம் வாங்கினால் நீங்கள் சொல்வது சரி. இரண்டு பேரும் இங்கே அடித்துக்கொள்வதை அப்படியே பக்கமாக எழுதுங்கள்: வியாபாரியிடம் வாங்கினால், ஏலத்தில் எடுத்தால், நிலத்துக்காரரிடம் வாங்கினால் என்று மூன்று தலைப்பு. ஒவ்வொன்றின் கீழும் பதில், பிரிவு எண், பில்லில் என்ன பார்க்கணும் என்பது. அறிவிக்கை எங்கே தெளிவில்லையோ அங்கே தெளிவில்லை என்றே எழுதுங்கள். ஏஐ அரைகுறையாகச் சொல்கிற இடம்தான் உங்களுக்கு வயல்.

வண்ணார்பேட்டை சிஏ: 'நெல்லையின் நம்பர் ஒன்' என்று போட்டால் ஏஐ எடுத்துக்கொள்ளுமா?

ஏஐயை விடுங்கள், சிஏக்களைக் கட்டுப்படுத்தும் இன்ஸ்டிடியூட் எடுத்துக்கொள்ளும். 1949 சிஏ சட்டத்தின் முதல் அட்டவணை, முதல் பகுதியில், ஆள் பிடிப்பதையும் விளம்பரத்தையும் தடுக்கும் 6, 7 கூறுகளைப் படித்துவிட்டு வாருங்கள். கவுன்சில் வழிகாட்டுதலைத் திருத்துவார்கள், நடப்பில் உள்ளதைப் பாருங்கள். கிளையண்ட் பேர், பீஸ் பக்கமே போகாதீர்கள்.

வள்ளியூர்: பணகுடி, களக்காடு, நாங்குநேரி என்று ஊருக்கு ஒரு பக்கம் ஏஐயை வைத்தே எழுதிவிடலாமா?

ஊர்ப் பேரை மட்டும் மாற்றி அடுக்கினால், 2024 மார்ச்சில் கூகுள் கொண்டுவந்த விதிப்படி அது ஸ்பாம்.

அம்பை: எல்எல்எம்எஸ் கோப்பு...

சுரண்டைக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

சங்கரன்கோவில்: தமிழில் எழுதலாமா? எங்கள் விசைத்தறிக்காரர்கள் தமிழில்தான் கேட்கிறார்கள்.

கட்டாயம் எழுதுங்கள், யூனிகோடில். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்து ஏற்றினால் இயந்திரத்துக்கு அது வெறும் கிறுக்கல். தயவுசெய்து வாட்ஸ்அப் போஸ்டரைப் படமாக ஏற்றி 'பதிவு' என்று சொல்லாதீர்கள். தேதி போடுங்கள்.

ஆலங்குளம்: தேதி போட்டால் பழசாகத் தெரியாதா? எல்எல்எம்எஸ் கோப்பில் தேதி போட்டால்?

முதல் கேள்விக்கு: பழசானால் திருத்துங்கள். இரண்டாவதற்குப் பதில் கிடையாது.

தாழையூத்து: எனக்கு ஐடி ரீபண்ட் இன்னும் வரவில்லை சார்.

அது இந்த இடத்தில் கேட்கிற கேள்வி இல்லை. போர்ட்டலில் பேங்க் அக்கவுண்ட் வேலிடேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.