“டீச்சர், நீங்கதானே சொன்னீங்க”

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 31 வயது. திருகோணமலை உப்புவெளியில் அம்மா, தங்கச்சியோடு இருக்கிறேன். பாடசாலை ஆசிரியை. ஏழு வருடமாக லூபஸ் நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிறது என்று டொக்டர் விளக்கினார். வெயிலில் நின்றால் கன்னம் இரண்டும் சிவக்கும், மூட்டு வீங்கும். எங்கள் ஊரில் வெயிலுக்குப் பயந்து எங்கே ஓடுவது?

இரண்டு வருடத்துக்கு முன் கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் இருந்து ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். பிரட்னிசோலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசை குடித்து முகம் ஊதிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்றாள். முகம் ஊதியிருந்த காலத்து என் படத்தைப் போனில் காட்டினேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தொடங்கியது அன்றைக்குத்தான். பிறகு மாதர் சங்கங்களில் பேசக் கூப்பிட்டார்கள். தம்பலகாமம், மூதூர், கிண்ணியா என்று போனேன். இப்போது நாற்பது பெண்களாவது என் நம்பரை வைத்திருக்கிறார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் கிண்ணியாவில், “40 மில்லிகிராமில் தொடங்கிய நான் இப்போது 5க்கு வந்துவிட்டேன்” என்று பேசினேன். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் வீட்டுக்குப் போய்க் குளிசையை அடியோடு நிறுத்திவிட்டார். சில நாளில் பிரஷர் விழுந்து, மயங்கி, வார்ட்டில் சேர்த்தார்கள். அவருடைய மகள் இரவு பத்து மணிக்கு அழைத்து, “டீச்சர், நீங்கதானே குறைக்கலாம் என்று சொன்னீங்க” என்றாள். இப்போது அவர் சுகமாகி வீட்டில் இருக்கிறாராம். எனக்குத்தான் நித்திரை இல்லை.

“தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுற நேரம், வருத்தத்தை ஊரெல்லாம் சொல்லித் திரியாதே” என்கிறார் அம்மா. போன மாதம் விரல்கள் வீங்கிச் சட்டைப் பொத்தானைக்கூடப் பூட்ட முடியவில்லை. அம்மாதான் பூட்டிவிட்டார். ஆனாலும் கன்னத்துச் சிவப்பின் மேல் பவுடர் பூசிக்கொண்டு மூதூர்க் கூட்டத்துக்குப் போனேன். இனிப் பேசுவதை நிறுத்திவிடவா?

உப்புவெளி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் இப்படியே தொடரவும் வேண்டாம்.

முதலில் உங்கள் நித்திரை. பிரட்னிசோலோன் சிலருக்கு நித்திரையையும் மனநிலையையும் குழப்பும். லூபஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் வருவதுண்டு. அதனால் இதெல்லாம் குற்ற உணர்வுதான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். விரல் வீங்கியதை டொக்டரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் இரண்டையும் போய்ச் சொல்லுங்கள். பாடகி செலீனா கோமஸ் தனக்கு லூபஸ் என்று 2015இல் வெளியில் சொன்னார். அடுத்த வருடமே பதற்றமும் மனச்சோர்வும் இருப்பதாக அறிவித்துவிட்டுச் சில காலம் மேடையை விட்டு விலகி இருந்தார். அவர் பிறகு திரும்பி வந்தார். நீங்களும் இரண்டு மாதம் ஓய்வெடுக்கலாம்.

அடுத்தது கிண்ணியாப் பெண். பிரட்னிசோலோனை நீண்ட நாள் குடிக்கும்போது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி, கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கும் தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. குளிசையும் திடீரென நின்றால், உடம்புக்குத் தேவையான கோர்ட்டிசோல் எந்தப் பக்கத்தாலும் கிடைக்காது. அதனால்தான் டொக்டர்மார் படிப்படியாகக் குறைக்கிறார்கள். இதை அன்றைக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். பிழையே இல்லை என்று நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் குளிசையை விட்டுவிடலாமா என்று நினைக்காத நோயாளி அரிது. அவர் மனதிலும் அது முன்னமே இருந்திருக்கக்கூடும்.

“இருக்கிறாராம்” என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் நேரில் பார்க்கவில்லைப் போல. போய்ப் பாருங்கள். விளக்கம் சொல்ல அவசரப்படாமல், அவரும் மகளும் பேசுவதைக் கேளுங்கள். கோபமாகப் பேசினாலும் கேளுங்கள்.

இனி மேடையில் மில்லிகிராம் கணக்கு வேண்டாம். அதைவிடப் பயனுள்ள ஒன்று உங்களிடம் இருக்கிறது: கிளினிக் வாங்கில் ஏழு வருட அனுபவம். டொக்டரிடம் கேட்க வேண்டியதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போகப் பழக்குங்கள். கால் வீக்கம், நுரை போகும் சிறுநீர் இரண்டையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கினால் பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லை என்பதால் சொல்லாமல் விடுகிறவர்கள் பலர்.

எனக்கு அதிகம் கவலை தந்தது அந்தப் பவுடர்தான். உங்களைச் சுகமாகிவிட்ட ஆளாக அந்தப் பெண்கள் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்குச் சிவந்த கன்னத்தோடு, “இன்று காலை அம்மாதான் பொத்தான் பூட்டிவிட்டார்” என்று பேசிப் பாருங்கள். முடியாத நாளில், வரமாட்டேன் என்று சொல்லுங்கள்.

இரவு எட்டு மணிக்குப் பிறகு போனை எடுக்காதீர்கள். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ் இருக்கிறது, மனம் தாங்காத இரவுக்கு 1926 மனநல உதவி எண் இருக்கிறது. இரண்டையும் அந்த நாற்பது பேருக்கும் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும்தான்.

அம்மாவோடு வாதாட வேண்டாம், அவருடைய பயம் நம் ஊர்ப் பயம். லூபஸ் தொற்றாது, நெருங்கிய உறவினருக்கு வாய்ப்புச் சற்றுக் கூடினாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் டொக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். சரி, தங்கச்சி என்ன சொல்கிறாள்? கடிதம் முழுக்க அவள் குரலே இல்லை. கேட்டுப் பார்த்தீர்களா?

கிண்ணியாவுக்கு வெயில் சாய்ந்த பிறகு போங்கள். குடையை மறக்க வேண்டாம்.