தோட்டத்துச் சாரை

அன்புள்ள ஐயா,

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு சென்ட் இடத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பின்பக்கம் கிணற்றடியை ஒட்டி வாழை, முருங்கை, கறிவேப்பிலை, இரண்டு பாத்தி கீரை வைத்திருக்கிறேன். கோழி கிளறாமல் இருக்கக் கீரைப் பாத்தியைச் சுற்றி நைலான் வலை கட்டியிருந்தேன். போன வாரம் அதில் ஒரு பெரிய பாம்பு சிக்கிக்கொண்டது. நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து முடிப்பதற்குள் அக்கம்பக்கத்தார் அடித்துக் கொன்றுவிட்டார்கள். பிறகு வந்து பார்த்தவர், அது சாரை, விஷமில்லாதது என்றார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. சாரையும் நாகமும் ஜோடி, செத்ததைத் தேடி நாகம் வரும் என்று மாமியார் பயப்படுகிறார். என் கணவரோ செடிகளை எல்லாம் வெட்டிவிட்டுப் பின்பக்கம் முழுக்கச் சிமெண்ட் தளம் போடக் கொத்தனாரிடம் பேசிவிட்டார். மகளுக்கு நான்கு வயது, பொழுதெல்லாம் அந்தத் தோட்டத்தில்தான் விளையாடுவாள். அவர் சொல்வதைத் தட்டவும் முடியவில்லை, தோட்டத்தை விடவும் மனமில்லை. என்ன செய்யட்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தோட்டத்தை வெட்ட வேண்டாம். ஆனால் உங்கள் கணவரின் பயத்தைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அதில் கால்வாசிக்கு மேல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நான்கு வயது மகளை வைத்திருக்கும் தகப்பன் பயப்படத்தான் செய்வார். பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024இல் அறிவித்ததும் இந்த உயிர்களை எண்ணித்தான்.

அந்தப் பயத்துக்கு விடை சிமெண்ட் தளம் அல்ல. பாம்பு செடியைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடி வருகிறது. தளம் போட்ட பிறகும் கோழித் தீவனம் சிந்தும், விறகு அடுக்கு இருக்கும், எலி வளை பறிக்கும். எலியைத் தின்றுகொண்டிருந்த சாரை மட்டும் இருக்காது. உங்கள் வீட்டைச் சுற்றியிருந்த பாம்புகளில் பகலில், கண்ணுக்குத் தெரிகிற விதமாக நடமாடி, ஆளைக் கண்டதும் ஓடிவிடக்கூடியது அதுதான். ஆளை விட நீளமாகக்கூட வளரும் என்பதால் பார்த்ததும் நெஞ்சு திடுக்கிடும். மூலையில் மடக்கினால் கழுத்தை உப்பிக்கொண்டு உறுமும், கடிக்கவும் செய்யும். இரத்தம் வரும், காயத்தைக் கழுவி மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் நஞ்சு கிடையாது.

வலையைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் சொல்லிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நண்பர் ஒருவரின் தோட்டத்தில் இப்படிச் சிக்கிய சாரையைப் பாம்பு பிடிப்பவர் ஒருவர் விடுவித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தலை நுழைந்த கண்ணியில் உடம்பு நுழையாது. செதில்கள் எல்லாம் பின்னோக்கிப் படிந்திருப்பதால் பின்வாங்கவும் முடியாது, இழை செதிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். அது முறுக்க முறுக்க இழை உள்ளே இறங்குகிறது. நான் பார்த்த சாரைக்கு மூன்று இடங்களில் தோல் அறுந்து, செதில் மல்லாந்து, வெளுத்த சதை தெரிந்தது. எறும்பு வேறு மொய்க்கத் தொடங்கியிருந்தது. அவர் பாம்பின் தலையை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு, நகம் வெட்டும் சிறிய கத்தரியின் முனையைச் செதிலுக்கும் இழைக்கும் நடுவில் விட்டு, ஒவ்வொரு இழையாக நறுக்கினார். கடைசி இழை அறுந்ததும் அவர் கை விலகும் முன்பே அது வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பழகியவர் செய்கிற வேலை இது, நீங்கள் முயல வேண்டாம். சிக்கியது நாகமாகவும் இருக்கலாம். நீங்கள் தீயணைப்புத் துறையை அழைத்ததே சரி, எண் 101. மிச்சமிருக்கும் நைலான் வலையை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். கோழிக்கு மூங்கில் தட்டியோ முள் படலோ போதும்.

இனி உங்கள் மாமியார் சொன்னது. பெரியவர்களிடம் இதை எதிர்வாதமாக எடுத்துப் போகாமல், பொறுமையாகச் சொல்லுங்கள். சாரையில் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு, நாகத்திலும் அப்படியே. இரண்டும் வேறு வேறு இனம், ஒன்றோடொன்று சேர்வதில்லை. சாரையை நாகம் பிடித்துத் தின்பதும் உண்டு. இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துத்தான் ஊரில் பிணையல் என்கிறார்கள். பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். தோற்றது விலகிப் போகும். செத்ததன் பொருட்டு இன்னொரு பாம்பு பழிவாங்க வருவதற்கு அவற்றிடம் அப்படிப்பட்ட நினைவோ உறவோ இல்லை. மாட்டின் காலைக் கட்டிக்கொண்டு சாரை பால் குடிக்கும் என்பதும் நடக்காத காரியம். உறிஞ்சுவதற்கான வாய் அமைப்பே பாம்புக்குக் கிடையாது.

சாரைக்குப் பயப்படும் நேரத்தை நான்கு பாம்புகளைத் தெரிந்துகொள்ளச் செலவிடுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் ஊரில் உயிரைப் பறிக்கும் கடிகளில் பெரும்பாலானவை இந்த நான்கினுடையவை. மருத்துவமனையில் போடும் நஞ்சுமுறி மருந்தும் இந்த நான்கின் நஞ்சிலிருந்து தயாராவதுதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். குதிரைகளுக்கு அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கப்படுகிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் அந்தச் சமூகத்தின் கைத்திறனால் பிழைத்திருக்கிறார்கள்.

இந்த நான்கு பாம்புகளில் உங்கள் வீட்டுக்கு மிகவும் கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். இது தளம் போட்டாலும் வரும், வீட்டுக்குள்ளேயே வரும். மினுமினுக்கும் கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருக்கும். இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, பல் பதிந்த தடமும் தெரியாது. விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியாமல் சொருகுவது, பேச்சுக் குழறுவது என்று தொடங்கும். மகளைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். கட்டிலில், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிப் படுக்க வையுங்கள். வாசற்படிக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அடைத்துவிடுங்கள். கண்ணாடி விரியன் உலர்ந்த வாழைச் சருகின் நிறத்திலேயே கிடக்கும், கிட்டே போனால் குக்கர் போலச் சீறும். அந்தச் சத்தத்தை மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கேட்டால் நின்ற இடத்திலிருந்து மெல்லப் பின்னால் வர வேண்டும், குச்சியால் தொடக் கூடாது.

பூத்தொட்டியைக் கிளறும்போது மண்புழு மாதிரி, ஆனால் வளையம் இல்லாமல் பளபளவென்று ஒன்று நெளிந்தால் அது புழுப்பாம்பு. நாகக் குட்டி என்று எண்ணி அதையும் நசுக்கிவிடுகிறார்கள். எறும்பு முட்டையும் கறையானும் தின்று வாழும் பார்வை மங்கிய சிற்றுயிர் அது. அந்த இனத்தில் ஆணே கிடையாது, எல்லாமே பெண், துணையில்லாமல் முட்டையிடும். தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது. உங்கள் மகள் பயமில்லாமல் பார்க்கும் முதல் பாம்பாக அது இருக்கட்டும்.

தோட்டத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. வாழைச் சருகை அடிமரத்தில் குவிக்காமல் ஒரு மூலையில் எருக்குழிக்குப் போடுங்கள். விறகையும் கூரை ஓடுகளையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். கோழித் தீவனத்தை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், மாலையில் சிந்தியதைக் கூட்டிவிடுங்கள். பூண்டுக் கரைசல், பினாயில், சிறியாநங்கைச் செடி எதுவும் பாம்பைத் தடுக்காது. அவற்றை நம்பி இருட்டில் டார்ச் இல்லாமல் கிணற்றடிக்குப் போகாமல் இருந்தால் சரி.

அப்படியும் யாரையாவது கடித்துவிட்டால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த கால் போல அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக நேரத்தைப் போக்க வேண்டாம். அங்கே சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சு ஏறியிருப்பது தெரிந்துவிடும். பாம்பைப் பார்க்காமலேயே சிகிச்சையைத் தொடங்க வழி இருக்கிறது.

உங்கள் கணவரின் பேச்சும் வீணாக வேண்டாம். கொத்தனார் வரட்டும். பின்வாசலிலிருந்து கிணற்றடி வரை மூன்றடி அகலத்துக்கு ஒரு நடைபாதை மட்டும் போட்டு, அதன் தலைமாட்டில் ஒரு விளக்கு மாட்டச் சொல்லுங்கள். மிச்ச மண் கீரைக்கு.