ஆர்கேட் ஸ்டிக்: வாங்குவது, திறப்பது, மாற்றுவது (கேள்வி பதில்)

ஃபைட்டிங் கேம் ஆடும் நண்பர்கள் சிலர் ஆர்கேட் ஸ்டிக் (லீவரும் பட்டன்களும் பொருத்திய பெட்டி வடிவக் கன்ட்ரோலர்) பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பல வருடங்களாக என்னுடையதையும் மற்றவர்களுடையதையும் கழற்றி மாட்டி வருகிறேன். கை வைத்துப் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

கோவை: அண்ணா, ரெண்டு வருஷமா பேட்லதான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுறேன். ஸ்டிக்குக்கு மாறினா ராங்க் ஏறுமா?

ஏறாது தம்பி. முதல் மாதம் இறங்கும், அதற்குத் தயாராக இருங்கள். 2014இல் ஈவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்ற பிரான்சின் லஃபி ஆடியது முதலாவது பிளேஸ்டேஷனின் பழைய பேடில், அதாவது சாதாரணக் கைக் கன்ட்ரோலரில். அதனால் பேடில் ஆடுவது எந்த விதத்திலும் குறை இல்லை.

ஸ்டிக்குக்கு மாற வேறு நியாயம் இருக்கிறது. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆர்கேட் மெஷினுக்காகச் செய்த ஆட்டம். மேல் வரிசையில் மூன்று குத்து, கீழ் வரிசையில் மூன்று உதை. பேடில் அவற்றில் நான்குதான் கட்டைவிரலுக்குக் கிடைக்கும், மீதி இரண்டும் தோள் பட்டனுக்குப் போய்விடும். ஸ்டிக்கில் விரல்கள் எல்லாம் பட்டன் மேலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்துவதும், ஒன்றன் பின் ஒன்றாக விரலை உருட்டுவதும் இயல்பாக வரும். கட்டைவிரல் வலிப்பவர்களுக்கும் இது பெரிய நிம்மதி. உங்களுக்கு இதில் எதுவுமே தேவைப்படவில்லை என்றால் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்: முதல் ஸ்டிக். எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில், திறக்க முடிகிறதா என்று பாருங்கள். அடித்தட்டில் நான்கைந்து ஸ்க்ரூ, உள்ளே கை போகிற இடம், 30 மில்லிமீட்டர் பட்டன் துளைகள், சான்வா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஜேஎல்எஃப் லீவர் பொருந்தும் தாங்கு தகடு. இவை இருந்தால் உள்ளே இப்போது என்ன இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் மாற்றிக்கொள்ளலாம். பட்டன் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட மலிவான பெட்டிகள் உண்டு. அவற்றில் ஒரு பட்டன் போனால் மொத்தமும் போன மாதிரி.

இரண்டாவது எடை. மடியில் வைத்து ஆடும்போது இலேசான பெட்டி லீவரோடு சேர்ந்து ஆடும். பட்டன் வரிசையில் இரண்டு பாணிகள் அதிகம் புழங்குகின்றன. டைட்டோவின் விவ்லிக்ஸ் மெஷினைப் பின்பற்றியது ஒன்று, நோவார் எனப்படுவது இன்னொன்று. இரண்டும் விரலுக்கு உடனே பழகிவிடும். இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்னை: சதுர கேட்டா, எட்டு முனை கேட்டா? சதுரத்துல சுத்தும்போது மூலையில் இடிச்சுக்கிட்டே இருக்கு.

அதிகம் பேர் கேட்பது இதுதான்.

கேட் என்பது லீவரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. தண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேலி, அவ்வளவுதான். திசையைப் பதிவு செய்வது அது இல்லை, நான்கு மைக்ரோஸ்விட்ச்கள். தண்டு வேலியைத் தொடும் முன்பே ஸ்விட்ச் 'க்ளிக்' என்று சொல்லிவிடும். ஆக, நீங்கள் மூலையில் இடிக்கிறீர்கள் என்றால் தேவைக்கு மேல் தள்ளுகிறீர்கள். பேடிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். கை சுவரைத் தேடும்.

சதுர கேட்டில் மூலைகள்தான் சாய்வுத் திசைகள். கைல் மாதிரி கீழ்-பின்னைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் பாத்திரங்களுக்கு இது வரம். மூலையில் போட்டுவிட்டால் லீவர் அங்கேயே கிடக்கும், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. எட்டு முனை கேட்டில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ஸாங்கீஃப் போல முழு வட்டம் சுற்றும் பாத்திரங்களை ஆடுகிறவர்களில் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் மூலைகளை வெட்டிவிடுவதால் சாய்வுத் திசைக்கான இடம் குறுகுகிறது.

நான் சொல்வது: ஒரு மாதம் சதுரத்திலேயே ஆடுங்கள். பிடியைத் தளர்த்தி, க்ளிக் கேட்டதும் நிறுத்தப் பழகுங்கள். அப்புறமும் ஒத்துவரவில்லை என்றால் ஜிடி-ஒய் என்ற எட்டு முனை கேட்டை வாங்குங்கள். கிளிப்பை விரலால் நெம்பினால் பழையது வந்துவிடும், புதியதை அழுத்தினால் உட்கார்ந்துவிடும். ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

மதுரை: ஷோர்யூகென் போட்டா ஃபயர்பால் வருது, இல்லாட்டி குதிச்சிடுது. லீவரை மாத்தணுமா?

வேண்டாம். ஷோர்யூகென் (எழும்பிக் குத்துவது), ஃபயர்பால் (நெருப்புப் பந்து எறிவது) இரண்டும் லீவர் அசைவில் வருபவை. பயிற்சி அறையில் இன்புட் காட்டும் வசதியைப் போட்டுவிட்டு இருபது தடவை செய்யுங்கள். முன், கீழ், கீழ்-முன் என்று மூன்றும் அங்கே வரிசையாக வர வேண்டும். குதிக்கிறது என்றால் கடைசியில் கீழ்-முன்னில் நிற்காமல் மேலே வழுக்கிப் போகிறீர்கள். ஃபயர்பால் வருகிறது என்றால் முதல் 'முன்' பதிவாகவில்லை, அல்லது கடைசியில் கை இன்னொரு தடவை 'முன்' வரைக்கும் போகிறது. இரண்டுக்கும் காரணம் அவசரம். ஆட்டம் விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது, ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லிவிநாடி. நீங்கள் நினைப்பதைவிட நேரம் இருக்கிறது.

பிடியையும் கவனியுங்கள். ஜப்பானில் இரண்டு பிடிகளுக்குப் பெயரே உண்டு. தண்டை மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் விட்டு, உள்ளங்கையை லீவர் உச்சியில் உள்ள பந்துக்குக் கீழே கொடுப்பது வைன் பிடி. பந்தை மேலிருந்து மூடுவது கபுசே. எது சரி என்று சட்டம் இல்லை. முஷ்டியை இறுக்கிப் பிடிப்பது மட்டும் எல்லோருக்கும் தப்பு.

டொராண்டோ: டெக்கனுக்குக் கொரிய லீவர்தான் சரின்னு சொல்றாங்களே?

உண்மை இருக்கிறது, ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஜப்பானிய லீவரில் ஒரு ஸ்பிரிங் தண்டை நிமிர்த்தி வைக்கும். கொரிய லீவரில் அந்த ஸ்பிரிங்கே இல்லை. தண்டைச் சுற்றிக் கெட்டியான ரப்பர் வளையம் ஒன்று இருக்கும், தள்ளினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எதிர்க்கும். பந்துக்குப் பதில் நீளமான குமிழ், வட்டமான வேலி. கையை விட்டதும் தண்டு நடுவுக்குப் பாய்ந்து வரும். டெக்கன் ஆட்டத்தில் கொரியன் பேக்டேஷ் (வேகமாகப் பின்வாங்குவது) என்ற அசைவு இருக்கிறதே, பின்னுக்கு இரண்டு தட்டு, கீழ்-பின்னால் அதை வெட்டு, மறுபடியும் பின், அங்கே நடுநிலைக்கு வேகமாகத் திரும்புவதுதான் எல்லாம். ரப்பர் அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். தென் கொரியாவின் பே ஜே-மின் போன்ற டெக்கன் வீரர்கள் அந்த ஊர் ஆர்கேட்களில் இந்த லீவரோடு வளர்ந்தவர்கள். அவர்கள் கைப்பழக்கமும் அந்தப் பெயரில் கலந்திருக்கிறது.

மூன்று எச்சரிக்கை. ஒன்று, உயரம். எல்லாப் பெட்டியிலும் அடங்காது, அடித்தட்டு இடிக்கும். அளந்துவிட்டு வாங்குங்கள். இரண்டு, வயரிங். ஜேஎல்எஃப்பின் ஐந்து பின் கேபிள் பெரும்பாலான கொரிய லீவர்களில் நேராகச் சொருகாது, இணைப்புக் கேபிள் தேவைப்படும். மூன்று, ரப்பர் பல கடினத்தில் கிடைக்கிறது. முதலில் மென்மையானது. நான் கெட்டியானதில் தொடங்கி இரண்டு வாரம் மணிக்கட்டு வலியோடு அலைந்தேன்.

சேலம்: ஜேஎல்எஃப் ரொம்ப லூஸா இருக்கு. மொத்தமா வேற லீவர் வாங்கலாமா, இல்ல பார்ட்ஸ் மாத்தலாமா?

பார்ட்ஸ். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஜேஎல்எஃப்பில் ஸ்பிரிங்கை மாற்றினால் கனம் மாறும். தண்டின் அடியில் இருக்கும் ஆக்சுவேட்டரைக் கொஞ்சம் தடிமனாக மாற்றினால் ஸ்விட்ச் சீக்கிரம் தட்டும். இரண்டும் சேர்ந்து ஒரு புது லீவரின் விலையில் சின்னப் பங்குதான்.

செய்யும் விதம்: தண்டின் அடிமுனையில் உள்ள வெட்டில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பிடித்துக்கொண்டு மேலே பந்தைத் திருகிக் கழற்றுங்கள். லீவரை வெளியே எடுத்துக் கேட்டை நீக்குங்கள். ஆக்சுவேட்டரைக் கீழே அழுத்திக்கொண்டு தண்டைப் பிடித்திருக்கும் ஈ-கிளிப் என்ற சின்ன உலோக வளையத்தை நெம்புங்கள். அது பறந்துவிடும், அதனால் கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள், எந்த வாஷர் எங்கே இருந்தது என்பது அரை மணி நேரத்தில் மறந்துவிடும்.

ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதீர்கள். ஸ்பிரிங் போட்டு ஒரு வாரம் ஆடுங்கள், பிறகு ஆக்சுவேட்டர். இல்லாவிட்டால் எது உங்களுக்குப் பிடித்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

எல்லாம் செய்தும் பிடிக்கவில்லை என்றால் சீமிட்சு என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தின் எல்எஸ்-32 லீவரை முயலுங்கள். இன்னும் இறுக்கமான உணர்வு. ஜேஎல்எஃப் பந்தும் அதில் பொருந்தும், இரண்டிலும் எம்6 மரைதான்.

பெங்களூரு: சான்வா பட்டன்ல விரலை வெச்சாலே அழுந்திடுது.

அதுதான் அதன் குணம், வேகத்துக்காக அப்படி. விரலை ஓய்வாக மேலே வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு சீமிட்சு பட்டன் ஒத்துப்போகும், சற்றுக் கூடுதல் அழுத்தம் கேட்கும். எட்டையும் மாற்றாமல் தொல்லை தரும் ஒன்று இரண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஸ்டார்ட் பட்டனைப் பக்கவாட்டுக்கு நகர்த்திய பெட்டி என்றால் இன்னும் நல்லது. போட்டி நடுவில் தெரியாமல் அழுத்திவிட்டால் சுற்றே போகலாம்.

திருநெல்வேலி: ப்ளைவுட்ல சொந்தமா பெட்டி செய்யறேன். பட்டன் நிக்க மாட்டேங்குது.

சான்வாவின் ஓபிஎஸ்எஃப்-30 பட்டன் வாங்கியிருப்பீர்கள். அது மெல்லிய தகட்டுக்கான கிளிப் வகை, தடித்த பலகையில் கிளிப் விரியாது. பலகைக்கு மரை போட்ட ஓபிஎஸ்என்-30 வேண்டும். லீவரிலும் இதே சிக்கல் வரும்: பலகையின் தடிமன் அளவுக்குத் தண்டு வெளியே குட்டையாகிவிடும். லீவர் உட்காரும் இடத்தை அடியிலிருந்து குடைந்து மெல்லியதாக்குங்கள், தச்சரிடம் ரூட்டர் இருந்தால் பத்து நிமிட வேலை.

யாழ்ப்பாணம்: ராத்திரி ஆடினா பக்கத்து அறையில அம்மாவுக்கு நித்திரை குழம்புது.

சத்தம் குறைந்த பட்டன்களைச் சான்வாவே செய்கிறது, ஓபிஎஸ்எஃப்எஸ்-30 என்று கேளுங்கள். பெட்டிக்குள் வெறும் இடத்தில் நுரைத் துண்டுகளை அடைத்தாலும் அந்த 'டொம்' சத்தம் வெகுவாகக் குறையும், அதற்குச் செலவே இல்லை. லீவரின் க்ளிக்தான் பாக்கி இருக்கும்.

சென்னை: கம்ப்யூட்டர்ல வேலை செய்யற ஸ்டிக் பிஎஸ்5ல ஏன் செய்யலை?

பிஎஸ்5 கன்ட்ரோலரிடம் அடையாளச் சான்று கேட்கும், கம்ப்யூட்டர் கேட்காது. உள்ளே உள்ள போர்டில் அந்தச் சான்று இருக்க வேண்டும். பிஎஸ்4 ஸ்டிக்கைச் சில பிஎஸ்5 ஆட்டங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை, எனவே உங்கள் ஆட்டத்தின் பெயரோடு சேர்த்து விசாரியுங்கள். தைவானின் ப்ரூக் நிறுவனம் இதற்கான போர்டுகளும் மாற்றிகளும் செய்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் போதும் என்றால் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்னப் போர்டில் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளைப் போட்டு மிகக் குறைந்த செலவில் சொந்தமாகச் செய்துவிடலாம்.

கோலாலம்பூர்: லீவரே இல்லாத ஸ்டிக் நல்லதா? ஏமாத்து வேலைன்னு நண்பன் சொல்றான்.

ஏமாற்று இல்லை. நான்கு திசைக்கும் நான்கு பட்டன், குதிப்பது கட்டைவிரலில். துல்லியம் அதிகம், மணிக்கட்டுக்கும் இதம். சர்ச்சை வந்தது வேறு இடத்தில்: இடமும் வலமும் சேர்த்து அழுத்தினால் பெட்டி என்ன சொல்ல வேண்டும்? லீவரில் அது நடக்கவே நடக்காது, பட்டனில் நடக்கும். 2019இல் ஜப்பானிய வீரர் உமேஹாரா டைகோ கொண்டுவந்த அத்தகைய பெட்டியை ஸ்ட்ரீட் ஃபைட்டரைச் செய்யும் கேப்காம் தன் போட்டித் தொடரில் அனுமதிக்கவில்லை, இந்தக் கேள்வியால்தான். இரண்டும் சேர்ந்தால் நடுநிலை என்று அமைத்துக்கொண்டால் உங்கள் நண்பருக்கு வாதம் இருக்காது.

தூத்துக்குடி: மூணு வருஷ ஸ்டிக். ஒரு பட்டன் சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் இல்ல.

கடலோர ஊர் என்பதால் முனைகளில் பச்சை பிடித்திருக்கலாம். அடித்தட்டைத் திறந்து அந்தப் பட்டனின் இரண்டு வயரையும் பக்கத்துப் பட்டனோடு மாற்றிச் சொருகுங்கள். கோளாறு பட்டனோடு தங்கினால் பட்டன் போய்விட்டது. வயரோடு நகர்ந்தால் கனெக்டர் தளர்ந்திருக்கிறது: 2.8 மில்லிமீட்டர் கனெக்டரை இடுக்கியால் மெல்ல நசுக்கி இறுக்கிச் சொருகுங்கள். திறந்த கையோடு லீவரின் சுழலும் மூட்டில் சிலிகான் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். சைக்கிளுக்குப் போடும் பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.