பத்து ஈரோவுக்குள் ஒரு பாட்டில்: கேள்வி பதில்

லியோனில் குடியேறிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. வடக்கே வண்டியை விட்டால் பொஜொலே, தெற்கே விட்டால் ரோன் நதியோரத் திராட்சைச் சரிவுகள். இந்த ஊரில் இருந்துகொண்டு ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இருப்பது, கும்பகோணத்தில் இருந்துகொண்டு காபி வேண்டாம் என்பதைப் போல. வீட்டுக்காரரும் நானுமாக வாரத்துக்கு ஒரு பாட்டில். விலை பத்து ஈரோவைத் தாண்டுவது அபூர்வம். குடித்ததையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், இப்போது ஐந்தாவது நோட்டு. புதிதாக ருசி பார்க்கத் தொடங்கியிருப்பவர்கள் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து சேர்ந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (பாரிஸ்): அக்கா, வாழ்க்கையில் முதல் தடவையாக ஆறு ஈரோவுக்கு ஒரு போர்தோ சிவப்பு ஒயின் வாங்கினேன். ஒரு வாய் குடித்ததும் நாக்கும் கன்னமும் இழுத்துக்கொண்டன. வாழைக்காயைப் பச்சையாகக் கடித்த மாதிரி. கெட்டுப்போன சரக்கா?

கெட்டுப்போகவில்லை தம்பி. அந்தப் பிடிப்புக்குக் காரணம் டானின். இங்கே ஒயின் வகுப்புகளில் அதை விளக்குவதற்குப் பாவம், அரை மணி நேரம் செலவழிக்கிறார்கள். ‘அது சுவை அல்ல, வாயில் ஏற்படும் உணர்வு’ என்று தொடங்குவார்கள். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. அறுசுவையில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி, துவர்ப்பு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வாழைப்பூ, மாதுளந்தோல், கொட்டைப்பாக்கு, நாவற்பழம் எல்லாம் தின்று வளர்ந்த நாக்கு அது. வகுப்புக்கே போகாமல் முதல் பாடத்தை முடித்துவிட்டீர்கள்.

டானின் திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குச் சாறு தோலோடு சேர்ந்து நொதிக்கிறது. வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே பிழிந்து தோலை ஒதுக்கிவிடுவதால் துவர்ப்பு ஏறக்குறைய இல்லை. வாய்க்குள் போன டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வழுவழுப்பு போய் வாய் வறண்டுவிடும். திக்கான கடுந்தேநீரிலும் இதே வேலைதான் நடக்கிறது. அதில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குகிறது அல்லவா? பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு ஒயினோடு பாலாடைக்கட்டியும் இறைச்சியும் வைப்பதில் இருக்கும் சூட்சுமம் இதுதான். வெறும் வயிற்றில் தனியாகக் குடித்திருப்பீர்கள். மீதியை ஆட்டுக்கறி வறுவலோடு, காரத்தைக் குறைத்துக்கொண்டு, குடித்துப் பாருங்கள். வேறு ஒயினாகத் தெரியும்.

துவர்ப்பே வேண்டாம் என்றால் பொஜொலே வாங்குங்கள். கமே என்ற திராட்சை. 1395-இல் பர்கண்டியின் கோமகன் ‘துணிச்சல்கார’ பிலிப், இந்தக் கொடியைத் தன் நிலங்களிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணையே போட்டார். தெற்கே பொஜொலேயில் பிழைத்துக்கொண்டது. துவர்ப்புக் குறைவு, பழவாசனை அதிகம், விலையும் எட்டு ஈரோவை ஒட்டித்தான். கோமகனின் கோபத்தில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): சோவிஞ்யோன் ப்ளாங் என்ற வெள்ளை ஒயினில் நெல்லிக்காய் வாசனை வரும் என்று படித்தேன். மூன்று முறை வாங்கிப் பார்த்தும் எனக்கு நெல்லிக்காய் கிடைக்கவே இல்லை. என் மூக்கில் கோளாறா?

மூக்கு நன்றாக இருக்கிறது, கோளாறு மொழிபெயர்ப்பில். அவர்கள் சொல்லும் கூஸ்பெரி வேறு செடி. முள் புதரில் காய்க்கும், மெல்லிய மயிர் படர்ந்த, பச்சைத் திராட்சை அளவுள்ள ஐரோப்பியப் பழம். நம் நெல்லிக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தத்தைத் தவிர ஓர் உறவும் கிடையாது. நானும் முதல் இரண்டு ஆண்டுகள் தேடினேன். பிறகு இங்கே சந்தையில் கால் கிலோ கூஸ்பெரி வாங்கித் தின்ற அன்றுதான் ‘அட, இதைத்தான் சொன்னார்களா’ என்று புரிந்தது.

ஒயின் வருணனைகளில் வரும் பழங்களில் பாதி நாம் கண்ணால் பார்க்காதவை. அவற்றை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுதுங்கள். இந்த வெள்ளை ஒயினுக்கு என் நோட்டில் எழுதியிருப்பது: ‘நறுக்கிய குடைமிளகாய், கொய்யாக்காய், மழை பெய்த பிறகு புல்தரை.’ குடைமிளகாய் கற்பனையல்ல. பைரசின் வகைச் சேர்மங்கள் குடைமிளகாயிலும் உண்டு, இந்தத் திராட்சையிலும் உண்டு. கெவூர்ஸ்ட்ரமீனர் என்று அல்சாஸ் பகுதியில் ஒரு வெள்ளை ஒயின் இருக்கிறது. அதை முகர்ந்த என் மாமியார், ‘கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்த மாதிரி இருக்கிறதே’ என்றார். குடிக்கவில்லை, முகர்ந்ததோடு சரி. புத்தகங்களும் ரோஜா என்றுதான் எழுதுகின்றன.

கேள்வி (லண்டன்): பிரான்ஸில் ஐந்து யூரோவுக்கு நல்ல ஒயின் கிடைக்கிறது என்கிறீர்கள். இங்கே ஆறு பவுன் கொடுத்தும் சர்க்கரைத் தண்ணீர் போல இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள், கணக்கைப் பாருங்கள். பிரான்ஸில் ஒரு பாட்டில் சாதாரண ஒயினுக்கு மதுவரி ஏறக்குறைய 3 சென்ட். உங்கள் ஊரில் 12 சதவீதச் சாராயச் சத்துள்ள பாட்டிலுக்கு 2.70 பவுனை ஒட்டி வருகிறது. ஆறு பவுனில் அதைக் கழியுங்கள். 20 சதவீத விற்பனை வரி ஒரு பவுன், அதையும் கழியுங்கள். மிஞ்சுவது 2.30. அதற்குள் கண்ணாடி பாட்டில், தக்கை, லேபிள், கப்பல் கூலி, கடைக்காரர் லாபம், எல்லாம் போக உள்ளே இருக்கும் திரவத்துக்கு எவ்வளவு மிஞ்சும்? சில்லறைதான்.

இதே கணக்கைப் பத்து பவுன் பாட்டிலுக்குப் போடுங்கள். விற்பனை வரி 1.67 ஆகும், மதுவரி அதே 2.70-தான். மிஞ்சுவது 5.63. விலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, மிச்சமோ ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆகவே லண்டனில் வாரம் ஓர் ஆறு பவுன் பாட்டில் வாங்குவதைவிட இரண்டு வாரத்துக்கு ஒரு பத்து பவுன் பாட்டில் வாங்குங்கள். குடியும் பாதியாகும். பத்திலிருந்து முப்பதுக்குத் தாவுவதை மட்டும் இப்போது வேண்டாம் என்பேன். அந்த வித்தியாசம் தெரிய நாக்குக்குக் கொஞ்சம் வயதாக வேண்டும்.

ஸ்பெயின் பக்கமும் பாருங்கள். அங்குள்ள ரியோகா பகுதி ஒயின் லேபிளில் கிரியான்சா என்றிருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, ரெஸர்வா என்றால் மூன்று ஆண்டு வைத்திருந்து விற்கிறார்கள் என்று பொருள். காத்திருக்கும் செலவை அவர்களே ஏற்றுக்கொண்டு, விலையையும் ஏற்றாமல் தருகிறார்கள்.

கேள்வி (ரொறன்ரோ): அக்கா, வெள்ளை ஒயின் போத்தலின் அடியில் கண்ணாடித் தூள் போல மின்னியது. பயத்தில் முழுவதையும் ஊற்றிவிட்டேன். சரிதானே?

ஐயோ, நல்ல ஒயினைக் கொட்டிவிட்டீர்களே! அது கண்ணாடி அல்ல, உப்பு. திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து, குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் படிகமாக இறங்கியிருக்கிறது. நம் புளியில் இருக்கும் அமிலமும் இதேதான். அடுத்த முறை ஒரு துகளை எடுத்து விரலால் நசுக்குங்கள். கண்ணாடியானால் நசுங்காது, இது பொடியும். நாக்கில் வைத்தால் லேசாகப் புளிக்கும். கடைசி அரை அங்குலத்தைப் போத்தலிலேயே விட்டுவிட்டு மேலாக ஊற்றிக் குடிக்கலாம்.

கேள்வி (சென்னை): நாசிக் ஷெனின் ப்ளாங் என்ற வெள்ளை ஒயின் நன்றாக இருந்தது, மாம்பிஞ்சும் தேனும் போல. சிவப்பு ஒயினை மட்டும் ‘அறை வெப்பநிலையில்’ வைத்துக் குடித்தேன். காய்ச்சல் மருந்து போல நெடி அடித்தது.

எந்த அறையின் வெப்பநிலை என்பதுதான் கேள்வி! அந்த வழக்கு பிறந்தது குளிர் தேசத்துக் கல் வீடுகளில். 16, 17 டிகிரி என்று பொருள். உங்கள் கூடத்தில் 32 இருக்கும். சூடேறினால் சாராய நெடி முன்னே வந்து பழவாசனையை மறைத்துவிடும். குடிப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், கூச்சமே வேண்டாம். நாசிக்கிலும் இதே வெயிலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஐரோப்பாவில் செப்டம்பரில் அறுவடை என்றால், அங்கே குளிர் காலத்தில், ஜனவரியிலிருந்து மார்ச் வரை பறிக்கிறார்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். நான் செய்த கூத்தைக் கேளுங்கள். வந்த புதிதில் ஒரு நல்ல ரோன் ஒயினைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, அழகுக்காக, நிற்க வைத்திருந்தேன். ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாத வெயிலும் பெட்டியின் சூடும் சேர்ந்து அதை வேகவைத்துவிட்டன. எதிர்வீட்டுப் பாட்டியம்மாவை விருந்துக்கு அழைத்துப் பெருமையாக ஊற்றினேன். ஒரு மிடறு விழுங்கினார். கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தார். ‘மாட்டிறைச்சிக் குழம்பில் ஊற்றினால் அருமையாக இருக்கும், மகளே’ என்றார். அதன்பிறகு பாட்டில்கள் எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில், படுத்த வாக்கில்.

கேள்வி (மதுரை): கிளாஸைச் சுழற்றினால் உட்பக்கம் கோடு கோடாக வழிகிறது. அது தரத்தின் அடையாளமா?

இல்லை. சாராயச் சத்தின் அடையாளம், அவ்வளவுதான். சுழற்றுவது வாசனை எழும்புவதற்கு. கோடு பார்ப்பதற்கு அல்ல.

கேள்வி (சிங்கப்பூர்): மீன் குழம்போடு சிவப்பு ஒயின் குடித்தேன். வாயெல்லாம் எரிச்சல், கூடவே இரும்பு வாடை. நம் சாப்பாட்டுக்கு ஒயின் ஒத்தே வராதா?

வரும், நீங்கள் கூட்டியது தப்பான ஜோடி. சாராயமும் துவர்ப்பும் மிளகாய் எரிச்சலைத் தூக்கிவிடும். மீனோடு சிவப்பு ஒயின் சேர்ந்தால் அந்த இரும்பு வாடை வருவது பலருக்கும் தெரிந்த சங்கதி. இன்னொன்று, நம் குழம்பின் புளிப்பு. சாப்பாடு ஒயினைவிடப் புளித்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஆகவே நமக்கு வேண்டியது: புளிப்பு தூக்கலாக, இனிப்பு கொஞ்சம் ஒட்டி, சாராயம் குறைவாக. ஜெர்மனியின் மோசெல் பகுதி ரீஸ்லிங் வெள்ளை ஒயினில் கபினெட் என்று போட்டது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பலவற்றில் சாராயம் 10 சதவீதத்துக்கும் கீழே.

பட்ஜெட் இடித்தால் தென்மேற்குப் பிரான்ஸின் கோத் து கஸ்கோஞ் வெள்ளை ஒயின். ஐந்து, ஆறு ஈரோ. பத்து ஆண்டுகளாக எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஒயின் இதுதான். சாம்பார் சாதத்துக்கு மட்டும் எதுவும் ஒத்துவரவில்லை, முயற்சியை விட்டுவிட்டேன். மோர்தான்.

கேள்வி (பெங்களூரு): திறந்ததும் மழையில் நனைந்த கோணிப்பை நாற்றம். ‘மண்வாசனை’ என்று நண்பர் பாராட்டினார். நான் தலையாட்டினேன்.

நீங்கள் நினைத்தது சரி, நண்பர் சொன்னது தப்பு. தக்கையிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஒயின் மட்டும் பாழ். கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். திருகு மூடி போட்ட பாட்டிலில் இந்தத் தொல்லை மிக அரிது. திருகு மூடி என்றால் மட்டமான சரக்கு என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி (துபாய்): உண்மையைச் சொல்லுங்கள். விலை உயர்ந்த ஒயினையும் மலிவானதையும் கண்ணைக் கட்டிவிட்டால் உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா?

எப்போதும் முடியாது. போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். 2001-இல் வெளியான ஆய்வு. மூக்குக்கு முன்னால் கண் முந்திக்கொள்கிறது. 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வில், விலை தெரியாமல் நடந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ருசிபார்ப்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் சராசரியாக ஒரு துளி குறைவாகவே பிடித்திருந்தது.

வீட்டிலேயே செய்யலாம். இரண்டு பாட்டில்களுக்குக் காலுறை மாட்டி, வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். கடந்த டிசம்பரில் நாங்கள் செய்தோம். 7 ஈரோ மொர்கோனுக்கு (பொஜொலே ஊர் ஒன்றின் சிவப்பு ஒயின்) நான் மேடைப் பேச்சே நிகழ்த்தினேன். 24 ஈரோ பர்கண்டியை ‘தண்ணீர் கலந்த ரசம்’ என்று எழுதினேன். பர்கண்டியை வாங்கி வந்தவர் வீட்டுக்காரர். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

கேள்வி (திருச்சி): தினம் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே? ஆனால் குடித்தால் எனக்குத் தலை வலிக்கிறது, சல்ஃபைட் காரணமா?

மருந்தாக நினைத்துக் குடிக்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. ருசிக்காகக் கொஞ்சம், அதற்கு மேல் காரணம் தேட வேண்டாம். ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. ஐரோப்பாவில் சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை, வெள்ளைக்கு 200 வரை அனுமதி. சிவப்பில் மட்டும் தலை வலித்தால் கணக்கு உதைக்கிறது அல்லவா? கிளாஸுக்குக் கிளாஸ் தண்ணீர் குடித்துப் பாருங்கள். அப்படியும் வலித்தால் விட்டுவிடுங்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன திறந்திருக்கிறது?

முஸ்கடே என்ற வெள்ளை ஒயின், 6 ஈரோ 40 சென்ட். நாந்த் நகரத்துக்குப் பக்கத்தில், கடற்காற்று படும் நிலத்தில் விளைவது. சிப்பிக்கென்றே பிறந்த ஒயின் என்பார்கள். சிப்பிக்கு இந்த வாரம் பணம் இல்லை, நெத்திலி வறுத்தேன். நோட்டில் எழுதியது: ‘எலுமிச்சைத் தோல், ஈரக் கல், கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு.’ அரை பாட்டில் மிச்சம், மூடி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மூன்று நாள் தாங்கும். நெத்திலிதான் தீர்ந்துவிட்டது.