ஸ்கேன் செய்கிறவருக்கு என்ன லாபம்? – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொந்த ஊர் கோபி பக்கம். சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பிசினஸ் அனலிஸ்டாக இருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். தேவைகளைக் கேட்டு எழுதுவது என் வேலை. அண்மையில் ஒரு பயிற்சியில் கோல் மாடலிங் சொல்லிக்கொடுத்தார்கள். என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடும் முன் எதற்காக வேண்டும் என்று கேட்டு, குறிக்கோள்களை மேலிருந்து கீழாகக் கிளை பிரித்து வரைவது. மிகவும் பிடித்துப்போய் எங்கள் புராஜெக்டுக்கு ஒன்று வரைந்தேன். மேலாளர் பார்த்துவிட்டு, "இதெல்லாம் காலேஜ் பாடம், யூசர் ஸ்டோரி எழுதினால் போதும்" என்கிறார், அதாவது ஒவ்வொரு தேவையையும் பயன்படுத்துகிறவர் பார்வையில் ஒரு வாக்கியமாக எழுதுவது. கோல் மாடலிங்கிலேயே காவோஸ் (KAOS), ஐஸ்டார் (i*) என்று இரண்டு முறைகள் இருக்கின்றனவே, எதைக் கற்பது? சான்றிதழ் வாங்கினால் வேலைக்கு உதவுமா? செயற்கை நுண்ணறிவே இந்தப் படங்களை வரைந்துவிடும் என்கிறார்கள், அப்படியானால் என் உழைப்பு வீணா? படத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மிணி,

சான்றிதழ் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. செயற்கை நுண்ணறிவு வரையும், வரையட்டும். கட்டம் போடுவதற்கா உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்? உங்கள் மேலாளரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். யூசர் ஸ்டோரியில் மூன்றாவதாக ஒரு பகுதி உண்டு, இன்னாருக்கு இன்னது வேண்டும் என்பதற்கு அப்புறம் வருகிற "எதற்காக". அதில் அவர் டீம் என்ன எழுதுகிறது? "ரிப்போர்ட் வேண்டும், ரிப்போர்ட் பார்ப்பதற்காக." நான் பார்த்த முக்கால்வாசி இந்த லட்சணம்தான். சரி, அதை விடுவோம்.

வேறொரு விஷயத்தை வைத்து நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் எழுத உட்கார்ந்தது அதனால்தான். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் படம்.

பெரிதாக்கிப் பார்த்தேன். உச்சியில் "ஆர்டரைக் குறித்த தேதியில் அனுப்புதல்". அதன் கீழே "எந்த லைனில் எவ்வளவு முடிந்தது என்று உடனுக்குடன் தெரிதல்". கிளைகள் அழகாக இறங்கி வருகின்றன. கடைசிக் கிளையில், ஒரு மூலையில், "பண்டல் முடிந்ததும் டெய்லர் ஸ்கேன் செய்வார்". எனக்கு அங்கேயே கண் நின்றுவிட்டது. செய்வார் என்று யார் சொன்னார்கள் உங்களுக்கு? டெய்லர் சொன்னாரா? முதலாளி சொன்னாரா? கான்ஃபரன்ஸ் காலில் ஒருத்தர் சொன்னதை அப்படியே கட்டத்துக்குள் போட்டுவிட்டீர்களா?

பயிற்சியில் காவோஸ் பற்றிச் சொன்னவர் இதைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார். நீங்கள் குறிப்பெடுக்காமல் விட்டிருப்பீர்கள். ஆக்ஸல் வான் லாம்ஸ்வேர்டே என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1993-ல் முன்வைத்த அந்த முறையில், குறிக்கோளை எது வரை பிரிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு வைத்தார்கள். ஒரே ஒரு ஆள் பொறுப்பேற்கிற அளவுக்கு வந்ததும் நிறுத்தலாம். அந்த "ஆள்" மென்பொருள் என்றால் அது தேவை. புரோகிராமரைப் பிடித்து எழுத வைத்துவிடலாம். மனிதர் என்றால் அது எதிர்பார்ப்பு, அவ்வளவுதான். மென்பொருளால் அதை நடத்திக் காட்ட முடியாது. உங்கள் படத்தில் எதிர்பார்ப்புகளை மட்டும் வண்ணம் தீட்டிப் பாருங்கள். எல்லாம் யார் தலையில் விழுந்திருக்கின்றன? டெய்லர், அவருக்கு உதவியாக நிற்கும் கைமடி, செக்கிங் பெண்கள். முதலாளி தலையில் ஒன்றாவது உண்டா? ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் தலையில்?

என் பெரியம்மா மகள் திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட். அவர் இருந்த கம்பெனியில் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பண்டலோடு வருகிற சீட்டை, தைத்து முடித்ததும் லைன் ஓரத்தில் இருக்கும் மெஷினில் காட்ட வேண்டும். அக்கா என்ன செய்தார்? சீட்டுகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்து, டீ நேரத்தில் கைமடிப் பிள்ளையிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவார். லைன் முழுக்க அப்படித்தான். முதலாளி ரூமில் இருக்கும் திரையில் காலையிலிருந்து டீ வரைக்கும் உற்பத்தி பூஜ்யம், டீக்கு அப்புறம் ஒரேயடியாக ஏறும். மறுபடி பூஜ்யம். அவர் நம்பினது திரையை. காலையில் எல்லோரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று சூப்பர்வைசரைப் பிடித்துக் கத்தினார். மென்பொருள் செய்து கொடுத்தவர்கள் அதற்குக் கண்டுபிடித்த மருந்து, அரைமணி நேரம் ஸ்கேன் வராவிட்டால் சிவப்பு விளக்கு எரிவது. படித்தவர்கள்!

நான் அக்காவிடம் கேட்டேன், ஏன் உடனுக்குடன் காட்டுவதில்லை என்று.

"எந்திரிச்சுப் போயி காட்டிட்டு வர்ற நேரத்துல நாலு பீஸ் ஓட்டிருவனப்பா. என்ற கூலி பீஸுக்கு. அதக் காட்டறதுக்கு ஆரு கூலி குடுக்கறாங்க?"

அப்புறம் அவரே சொன்னார். "சனிக்கிழமை சம்பளத்துல ஒவ்வொரு வாரமும் பீஸ் கணக்கு ஒதைக்குது. அந்த மெசின்ல என்ற கணக்கு எனக்குத் தெரியட்டும், நானே ஓடி ஓடிக் காட்டறேன்."

ஒரு முழு பகுப்பாய்வு அறிக்கை அது. ஐஸ்டார் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். டொரண்டோவில் எரிக் யூ 1995-ல் முனைவர் பட்ட ஆய்வாக அதை முடித்தார். அதில் முதலில் வரைய வேண்டியது ஆட்களை. ஒவ்வொருவருக்கும் சொந்தமாகக் குறிக்கோள் உண்டு, எதற்காக யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று அம்பு போட வேண்டும். முதலாளி உற்பத்தித் தகவலுக்கு டெய்லரைச் சார்ந்திருக்கிறார். டெய்லர் சரியான கூலிக் கணக்குக்கு முதலாளியைச் சார்ந்திருக்கிறார். அந்தக் கம்பெனியில் முதல் அம்பை மட்டும் பார்த்தார்கள். இரண்டாவதைப் பார்த்திருந்தால், ஸ்கேன் செய்ததும் அவரவர் கூலி திரையில் ஏறுவது மாதிரி ஒன்றைச் செய்திருப்பார்கள், சிவப்பு விளக்குக்கு வேலையே இருந்திருக்காது. புல் காட்டாமல் பால் கறக்கப் போனால் மாடு உதைக்கத்தான் செய்யும். உங்கள் படத்திலும் டெய்லருக்கு வேலை இருக்கிறது, குறிக்கோள் ஒன்றுகூட இல்லை. அவர் ஏன் உங்களுக்காக எழுந்து போக வேண்டும், சொல்லுங்கள்?

திருப்பூர் டெய்லர் படிக்காதவர், அதனால்தான் என்று உங்கள் ஆபீசில் யாராவது சொல்வார்கள். லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் 1992 அக்டோபர் 26 அன்று வண்டிகளை அனுப்பப் புதுக் கணினி முறையைக் கொண்டுவந்தார்கள். எந்த வண்டி எங்கே, எந்த நிலையில் நிற்கிறது என்பது கணினிக்குத் துல்லியமாகத் தெரிந்தால்தான் அது ஓடும். அதற்கு வண்டியில் இருப்பவர்கள் சரியான பொத்தானைச் சரியான வரிசையில் அழுத்த வேண்டும். நெருக்கடியில் அது நடக்கவில்லை, ரேடியோத் தொடர்பும் காலை வாரியது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின, தேவைப்பட்ட இடத்துக்கு நேரத்தில் போகவில்லை. மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். வான் லாம்ஸ்வேர்டேயும் இமானுவேல் லெட்டியரும் 2000-ல் தடைகளை ஆராயும் முறையைப் பற்றி எழுதியபோது இந்தக் கதையைத்தான் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குறிக்கோளுக்குப் பக்கத்திலும் "இது எப்படியெல்லாம் நடக்காமல் போகும்" என்று எழுதிப் பார்ப்பது. உங்கள் படத்தில் தடை என்று ஒன்றுமே இல்லை. எல்லாரும் நல்லவர்கள், நெட் எப்போதும் வேலை செய்கிறது, கரண்ட் போவதே இல்லை. எந்த ஊர் இது?

இனி நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயம். கோபிக்காரர் நீங்கள், கீழ்பவானி வாய்க்காலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர், 2,07,000 ஏக்கர், பாதி பாதியாக முறைவைத்துத் தண்ணீர். மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது என்று 700 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் போட்டார்கள், ஊர் இரண்டுபட்டது. பொதுப்பணித் துறையின் படத்தை நான் மனதுக்குள் வரைந்து பார்ப்பேன். உச்சியில் "கடைமடைக்குத் தண்ணீர் சேர்த்தல்", கீழே "கசிவைத் தடுத்தல்", அதற்கும் கீழே "கான்கிரீட்". அதில் தப்பு சொல்ல முடியாது. கடைமடைக்காரர் கேட்பது நியாயம். ஆனால் வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் எங்கள் மாமா தோட்டத்தில் ஒரு கிணறு இருக்கிறது. ஆயக்கட்டில் அந்த நிலம் வராது. வாய்க்காலில் தண்ணீர் விட்ட சில நாட்களில் கிணற்றில் ஊற்று ஏறும், தென்னை பிழைத்துக்கொள்ளும். அந்தக் கசிவு காகிதத்தில் நஷ்டக் கணக்கு. மாமா எந்தப் பட்டியலிலும் ஆளே இல்லை.

வரைந்து காட்டியிருந்தால் சண்டை தீர்ந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. "கான்கிரீட்" என்ற ஒரே கட்டத்திலிருந்து கடைமடைக்கு "உதவும்" என்று ஓர் அம்பும், கிணற்றுக்குக் "கெடுக்கும்" என்று இன்னோர் அம்பும் போகும். ஜான் மைலோபுலோஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1992-லேயே இந்த உதவும், கெடுக்கும் கணக்கை எழுதிவிட்டார்கள், பாதுகாப்பு, வேகம் மாதிரி முழுதாக நிறைவேறியது என்று சொல்ல முடியாத சாஃப்ட்கோல்களுக்காக. அந்த இரண்டாவது அம்பு படத்தில் இருந்தால், கலவை மெஷின் கரைக்கு வருவதற்கு முன்பே மாமாவைக் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும். எந்த இடத்தில் கான்கிரீட், எந்த இடத்தில் மண் என்று பேரம் பேச ஒரு காகிதம் கையில் இருக்கும். இதைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடையில் பேசினால் "நீ ஆரு பக்கம்" என்றுதான் கேட்கிறார்கள்.

நீங்கள் கேட்டதை மறந்துவிட்டேன். காவோஸா ஐஸ்டாரா? முதலில் ஐஸ்டார், ஆட்களை அடையாளம் காண. 2016-ல் 2.0 என்று ஒழுங்குபடுத்தி வெளியிட்டிருக்கிறார்கள், அதைப் படியுங்கள், அளவாக இருக்கும். யார் பொறுப்பு, என்ன தடை என்று இறங்கும்போது காவோஸ். இரண்டில் ஒன்றுக்குக் கட்சி கட்ட வேண்டாம்.

அந்தப் படத்தைக் கிழித்துப் போடாதீர்கள், வரைந்தவருக்கு நல்ல கை. ஆனால் திருத்தியதை எனக்கு அனுப்ப வேண்டாம். திருப்பூருக்குப் பஸ் ஏறுங்கள், சனிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து, சம்பளம் போடுகிற நேரத்துக்கு. முதலாளி ரூமுக்குப் போகாமல் லைனுக்குப் போங்கள். கையில் லேப்டாப் வேண்டாம், பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மேலாளர் எங்கே போகிறாய் என்று கேட்டால், யூசர் ஸ்டோரி எழுதப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.