பரப்பளவில் ஒரு மாநிலம் அளவுக்கு இருந்தும் சில அமெரிக்கக் கவுண்டிகளில் ஆட்களே இல்லையே, ஏன்?

"பாலைவனம், தண்ணீர் கிடையாது, அதனால் ஆளும் கிடையாது" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கலிஃபோர்னியாவின் இன்யோ கவுண்டிக்கு நாலைந்து தடவை போய்வந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அங்கே தண்ணீர் இருக்கிறது. அதில் ஒரு பங்குதான் லாஸ் ஏஞ்சலஸில் என் வீட்டுச் சமையலறைக் குழாயில் வருகிறது.

கவுண்டி என்பதை நம் ஊர் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இன்யோவின் பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வெர்மான்ட் மாநிலத்தைவிடப் பெரியது. வெர்மான்ட்டில் ஆறு லட்சத்துக்கு மேல் மக்கள்; இன்யோவில் 2020 கணக்கெடுப்பின்படி 19,016 பேர். நகர அந்தஸ்து உள்ள ஒரே ஊர் பிஷப். அதிலும் நாலாயிரம் பேர் தேறமாட்டார்கள். தலைநகர் இண்டிபெண்டன்ஸ் அதைவிடச் சின்னது, ஆயிரம் பேர்கூட இல்லை.

நில அமைப்பு ஒரு வேடிக்கை. மேற்கு எல்லையில் சியரா நெவாடா மலைத்தொடர், அதில் 4,421 மீட்டர் உயர விட்னி சிகரம். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் அதுதான் உச்சம். கிழக்கே டெத் வேலியில் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. இரண்டுக்கும் நேர்கோட்டில் 140 கிலோமீட்டர்கூட இல்லை. மேகங்கள் சியராவின் மேற்குப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுவதால் இன்யோவில் மழை அரிது. ஆனால் சிகரங்களில் விழும் பனி உருகி, மலையின் கிழக்குச் சரிவு வழியாக ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. மழை இல்லாத ஊருக்கு ஓடைகள் மட்டும் குறைவில்லை.

பையூட் பூர்வகுடிகள் இதை எப்போதோ புரிந்துகொண்டவர்கள். ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, கோரை இனக் கிழங்குகளுக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். 1860களில் மாடுகளோடு வெள்ளையர் வந்தார்கள், சண்டை மூண்டது. 1863இல் ஏறக்குறைய ஆயிரம் பையூட் மக்களை ராணுவம் மலை தாண்டி டெஹோன் கோட்டைக்கு நடத்தியே கொண்டுபோனது. பலர் தப்பித் திரும்பினார்கள். இன்றும் கவுண்டியில் பத்தில் ஒருவருக்கு மேல் பூர்வகுடியினர்தான். 1866இல் இன்யோ தனிக் கவுண்டி ஆனது.

அப்புறம் வெள்ளி. செர்ரோ கோர்டோ சுரங்கத்தில் உருக்கிய வெள்ளி-ஈயக் கட்டிகளை ஓவன்ஸ் ஏரியில் நீராவிப் படகில் ஏற்றி, அக்கரையிலிருந்து கோவேறு கழுதை வண்டிகளில் லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார்கள். 1872இல் ஓடத் தொடங்கிய அந்தப் படகின் பெயர் பெஸ்ஸி பிரேடி. ஆக, அந்த நகரம் முதலில் இங்கிருந்து வாங்கிக்கொண்டது வெள்ளியை.

தண்ணீர் பிறகு வந்தது. 1905 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் பள்ளத்தாக்கில் ஓசைப்படாமல் நிலமும் நீருரிமையும் வாங்கினார். மத்திய அரசின் பாசனத் திட்டத்துக்காகத்தான் வாங்குகிறார் என்று விவசாயிகள் நம்பியிருந்தார்கள். உண்மை தெரிந்தபோது காரியம் கைமீறிவிட்டது. ஓவன்ஸ் ஆற்று நீரை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோகப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் கட்டிய 375 கிலோமீட்டர் கால்வாய் 1913இல் திறக்கப்பட்டது. வழியில் ஒரு பம்பு கிடையாது, முழுக்கப் புவியீர்ப்புதான். பொறியியலாக அதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. எரிச்சலும் அங்கேதான் வருகிறது.

1924 நவம்பரில் பள்ளத்தாக்குக்காரர்கள் எழுபது பேர் போல லோன் பைன் அருகே கால்வாயின் மதகைக் கைப்பற்றி, தண்ணீரை ஆற்றுக்கே திருப்பிவிட்டார்கள். நாலு நாள் குடும்பம் குடும்பமாக வந்து அங்கேயே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். கால்வாய்க்கு வெடிவைத்ததும் பல தடவை நடந்தது. 1927இல் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய வாட்டர்சன் சகோதரர்களின் வங்கியே மூழ்கியது. மோசடிக் குற்றத்துக்காக அவர்கள் சிறைக்குப் போனார்கள். ஊர்க்காரர்களின் சேமிப்பும் போயிற்று, போராட்டமும் போயிற்று.

சரி, கேள்விக்கு வருகிறேன். நகரம் தண்ணீருக்காக நிலத்தையும் சேர்த்து வாங்கியது, பின்னர் ஊர்களுக்குள்ளிருந்த மனைகள் உட்பட. இன்று கவுண்டியில் தனியார் கையில் இருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பெரும்பகுதி மத்திய அரசுடையது: தேசியப் பூங்கா, காடு, பாலைவனம். அதில் குடியேற யாருக்கும் ஆசை இருக்காது. குடியிருக்கத் தோதான பள்ளத்தாக்குத் தரையோ பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துடையது. லோன் பைனில் நான் தங்கிய விடுதிக்காரர், மகனுக்கு வீடு கட்ட உள்ளூரில் மனை கிடைக்காமல் அவன் நெவாடா பக்கம் போய்விட்டதாகச் சொன்னார். மக்கள்தொகை ஏன் ஏறவில்லை என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

மான்சனார் என்ற இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்துங்கள். ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம் என்று பொருள். பழத்தோட்டக்காரர்களிடமிருந்து நகரம் நிலத்தை வாங்கியபின் ஊர் காலியானது. 1942இல், இரண்டாம் உலகப் போரின்போது, அரசு அதே இடத்தில் முள்வேலி போட்டு, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்தார்கள். அப்போது கவுண்டியின் மக்கள்தொகை எட்டாயிரத்தைத் தொடவில்லை. கல்லறைத் திடலில் அடைபட்டவர்கள் எழுப்பிய வெள்ளைத் தூண் நிற்கிறது. அடியில் காகிதக் கொக்குகள், சில்லறைக் காசுகள், யாரோ வைத்த ஒரு பொம்மைக் கார். கவனிப்பாரின்றிக் கிடந்த பழைய பேரி மரங்களில் சில இன்னும் பூக்கின்றன.

ஆற்று நீர் கால்வாய்க்குப் போய்விட்டதால், பெஸ்ஸி பிரேடி ஓடிய ஏரி 1920களிலேயே வற்றிவிட்டது. காற்றடித்தால் வெண்புழுதி கிளம்பி, நாட்டிலேயே மோசமான தூசி மண்டலம் என்று பெயர் வாங்கியது. அதை அடக்க நகரம் 2001 முதல் ஏரிப்படுகையில் கொஞ்சம் தண்ணீர் தேக்கிவருகிறது. போன தடவை கரையில் இறங்கியபோது அதில் பறவைகள் நின்றுகொண்டிருந்தன. என் மகள் கணுக்கால் ஆழத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதிலா கப்பல் ஓடிச்சு?" என்றாள்.