வாக்களிப்பு முறையை மாற்றினால் எம்.பி.க்கள் மீது வாக்காளரின் பிடி இறுகுமா?

ஓரளவு இறுகும். ஆனால் எந்த முறைக்கு மாறுகிறோம் என்பதைப் பொறுத்தது.

சிங்கப்பூரில் அதிக வாக்கு பெற்றவருக்கே தொகுதி. 2020 தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சி 61 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்று, 93 இடங்களில் 83ஐக் கைப்பற்றியது. 1988இல் வந்த குழுத்தொகுதி முறை, அதாவது ஒரே தொகுதியில் பல வேட்பாளர்கள் அணியாகப் போட்டியிடும் முறை, இந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்குகிறது. சிறுபான்மையினருக்கு இடம் உறுதி என்பது அதன் நோக்கம். தமிழர்களாகிய நாம் அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் வாக்குச்சீட்டில் நான்கைந்து முகங்கள் ஒரே கட்டத்துக்குள் இருக்கின்றன. ஒருவரைப் பிடிக்கும், இன்னொருவரைப் பிடிக்காது என்றால் வழியே இல்லை: மொத்தமாக வாங்கு, இல்லையேல் மொத்தமாக விடு. 2025இல் மரின் பரேட் – பிரேடல் ஹைட்ஸ் வாசிகளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. போட்டியே இல்லாமல் ஐவர் தேர்வானார்கள்.

சரி, விகிதாசார முறைக்குப் போகலாமா? இடங்கள் வாக்குக்கு ஏற்பப் பிரியும். ஆனால் கட்சியின் வேட்பாளர் பட்டியலில் யார் முதலில், யார் கடைசியில் என்பதைக் கட்சித் தலைமையே முடிவு செய்தால், பிடி நம் கைக்கு வராது. எம்.பி. குடியிருப்பாளர்களைச் சந்திக்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடிதத்தோடு வரிசையில் நிற்கும் என் அண்டை வீட்டு அக்காவுக்கு, 'என் எம்.பி.' என்று சொல்ல ஆளும் இருக்காது.

அயர்லாந்தில் வேறு மாதிரி. பல உறுப்பினர் தொகுதிதான், ஆனால் வாக்காளர் 1, 2, 3 என்று ஆளுக்கு ஆள் எண் போடுகிறார். ஒரே கட்சிக்குள்ளும் தரம் பிரிக்கலாம். என்னைக் கேட்டால், நம் குழுத்தொகுதிகளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டியது இதைத்தான். சிறுபான்மை இடத்துக்குத் தனி விதி ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும்.